அப்பா எழுந்து போனா விழுற கோல்

அன்புள்ள விஷ்ருத்துக்கு,

இங்க நானும் அப்பாவும் உன் தங்கச்சி அதிதியும் சௌக்கியம், நீ சௌக்கியமா, அதவிட முக்கியமா உன் எடது முட்டி சௌக்கியமா? ஏன் லெட்டர்னு கேக்காத, ஃபோன்ல நீ ஓகேம்மா ஓகேம்மான்னு வெச்சிடுற. தமிழ் படிக்க வரலன்னும் சொல்லாத, போன வேகத்துல கொரியன் எழுத்த கத்துக்கிட்டவனுக்கு இங்க நம்ம ஊரு எடிசன் தமிழ் ஸ்கூல்ல படிச்சது மட்டும் மறந்துடுமா, எழுத்துக் கூட்டிப் படி.

உங்க டீம் ஜெயிச்சு ஃபர்ஸ்ட் டிவிஷனுக்குப் போனதுலேர்ந்து வீடு வீடா இல்ல. ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடைல யாரோ ஒரு ஆன்ட்டி, உங்க பையன் கொரியால கிரிக்கெட்டா ஆடுறான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டு கொத்தமல்லிய எடுத்துட்டு வந்துட்டேன், ஃபுட்பால்னு யாரு எக்ஸ்ப்ளெய்ன் பண்றது. விஷயம் அதில்ல, அப்பா. அவரு போட்ட டீல் உனக்குத் தெரியும், டீம் செகண்ட் டிவிஷன்லயே நின்னா நீ திரும்பி வந்து பாதில விட்ட காலேஜ முடிக்கணும். நீயும் சரின்னு கை குடுத்துட்டுப் போன. நான் வாயத் தொறக்கல, நானே செகண்ட் இயர்ல காலேஜ விட்டுட்டு இருபது வயசுல உன்னப் பெத்தவ, இன்னி வரைக்கும் ஒரு வேலைல உருப்படியா நின்னதில்ல. ஆனா அவருக்கு நீங்க தோக்கணும், நீ வீட்டுக்கு வரணும், அதான் ஆச. பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல அர்ச்சனைக்கு உன் பேரு நட்சத்திரம் மட்டும்தான் சொன்னாரு, டீமுக்கும் சேத்து வேண்டிக்கோங்கன்னா, பையனுக்கு அடிபடக் கூடாது, அது போதும்னுட்டாரு.

இன்னொண்ணு உனக்குத் தெரியாது. சீசன் ஆரம்பத்துல நீங்க வரிசையா தோத்தீங்களே, அப்போ ஒரு நாள் காலைல மேட்ச் நடுவுல அப்பா ட்ரெயினுக்கு லேட்டாகுதுன்னு குளிக்கப் போனாரு, உடனே உங்க டீம் கோல். தலைய தொவட்டிட்டு வெளிய வந்தாரு, எதிர் டீம் கோல். அடுத்த வாரமும் அதே கத. கண்டுபிடிச்சது அதிதிதான். அப்புறம் சீசன் பூரா ஸ்கோர் மாறலன்னா ரெண்டு பேரும் அவரப் புடிச்சு பாத்ரூமுக்குத் தள்ளுறது, அவரு நான் இன்ஜினியர், இதெல்லாம் நம்ப மாட்டேன்னு மொணகிட்டே போறது, இதே வேல.

கடைசி மேட்ச் அன்னிக்கு மட்டும் நாங்க ஒண்ணும் சொல்லல. ஒண்ணுக்கு ஒண்ணு, ட்ரா ஆனா நீங்க செகண்ட் டிவிஷன்லயேதான், உன்ன எறக்கினதே கடைசில. அதிதி என்னப் பாத்தா, நான் கண்ணாலயே வேணாம்னேன். நீ வந்துடுவேன்னு மனுஷன் உன் ரூமுக்கு புது பெட்ஷீட்டே மாத்தி வெச்சிருந்தாரு, அவர எப்படிடா தள்றது? காபி டம்ளர கீழ வெச்சாரு, டிவியப் பாத்தாரு, அவரே எழுந்து போயி பாத்ரூம் கதவ சாத்திக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல நீ அந்த எடது காலால அடிச்ச. நாங்க போட்ட கூச்சல்ல உள்ளேர்ந்து கேட்டாரு, "யாருடி அடிச்சா?" உங்க புள்ளதான்னேன். விசில் ஊதுற வரைக்கும் வெளிய வரல, வந்தப்போ மூஞ்சி கழுவியிருந்தாரு.

இன்னி வரைக்கும் அந்த கோல அவரு பாக்கல. ரீப்ளே போட்டாலும் எழுந்து போயிடுறாரு, அவன் வாயால மொதல்ல கேக்கணுமாம். நேத்து கடைலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிட்டு வந்தாரு. எதுக்குன்னு கேட்டா, அடுத்த சீசன் பூரா பாத்ரூம்ல நின்னுட்டே இருக்க முடியுமான்னு கேக்குறாரு.

நல்லா இரு, வேளைக்கு சாப்புடு, முட்டிக்கு ஐஸ் வை, எல்லாம் உனக்கு நல்லபடியா அமையும். அப்பாக்கு ஃபோன் பண்ணு, பந்து உன் கால்ல வந்த எடத்துலேர்ந்து சொல்லு, ஒண்ணும் விடாத.

உன் அம்மா
யாமினி