அத்தை அனுப்பும் கடலையைத் தின்னாதே

கசுங்கு, மலாவி
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யான்கோவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைப் பற்றிக் கேட்டால் நான், உன் அம்மா, அத்தை மூவரும் நலம். மற்றதெல்லாம் நலமில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நர்சிங் காலேஜில் முதல் பரீட்சை முடிந்திருக்கும். மார்க்கை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் மறைக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவரே உன்னிடம் ஒரு துணிப் பொட்டலமும் கொடுப்பான். அதில் நிலக்கடலை இருக்கும், எனெலெசி அத்தை அனுப்பியது. அதைத் தின்னாதே. வறுத்தும் தின்னாதே, இடித்துக் கீரையில் போட்டும் தின்னாதே, அறையில் கூட இருக்கும் பெண்களுக்கும் கொடுத்துவிடாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் சொல்ல வந்தது சொல்லாமலே போகும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்துக் கஞ்சிக்கு முன்பு டவுனிலிருந்து மாவு மூட்டை வரும், உனக்கு நினைவிருக்கும், நீ அதிலிருந்த வண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தவள்தானே. அந்த மூட்டையை நிறுத்தி, ஊர்ப் பெண்கள் விளைவிப்பதையே பள்ளிக்கு வாங்க வைக்க நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். போன வருஷம் அது நடந்தது. அத்தைதான் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. சோளம் அவர்களுடையது, பூசணிக்கீரை காலையில் பறித்து ஈரம் காயாமல் வரும், சர்க்கரைவள்ளி வரும், கஞ்சியில் இடித்துப் போடக் கடலை வரும். பிள்ளைகள் சட்டியை விரலால் வழித்து நக்கினார்கள். வயலுக்குப் போன பையன்கள்கூடத் திரும்பி வகுப்புக்கு வந்தார்கள். அந்தக் கடலையைச் சோதிக்கிற வேலை என்னுடையது, அதுவும் உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் கடலை உடைக்கிற கை மெஷின் பல் உடைந்து போயிற்று. சரிபண்ணித் தருகிறேன் என்று நான்தான் வாங்கிப் போனேன். ஸ்பேர் வரவில்லை. பள்ளி திறக்கிற தேதி வந்துவிட்டது, சாக்குகளை எப்போது தருவீர்கள் என்று சங்கத்துப் பெண்களை நான் விடாமல் கேட்டேன். அவர்கள் கையால் உடைத்தார்கள். காய்ந்த தோட்டை நாள் முழுக்கக் கையால் உடைத்தால் கட்டைவிரல் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அதனால் காலங்காலமாகச் செய்கிறதையே செய்தார்கள், தோட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு உடைத்தார்கள். கூடாது, தண்ணீர் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை நஞ்சு விடும் என்று போன வருஷம் படம் போட்டுக் காட்டியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த வருஷம் சாக்கைப் பிரித்ததுமே எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. அரைத்துக் கரைத்து, நஞ்சைச் சோதிக்கிற காகிதப் பட்டையை முக்கி வைத்தேன், நல்ல கடலை என்றால் இரண்டு கோடு வர வேண்டும், ஒன்றுதான் வந்தது. வேறு சாக்கில் எடுத்தேன், அதிலும் ஒன்றுதான். பள்ளி முற்றத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இது ஆகாது என்றேன்.

உன் அத்தை சிரித்தாள். "ஏன்டா டலிட்சோ, இந்தக் காகிதத் துண்டுக்குப் பல்லு இருக்கா, அது தின்னுப் பாத்துச்சா? நாங்க தின்னு வளந்தது இதைத்தானே. நீ என்ன செத்தா போயிட்ட?" என்றாள். கஞ்சி கிண்டுகிற லொவெனெஸ், அவளுக்கு யாரையும் விட்டுவைக்கத் தெரியாது, "செத்திருந்தா நமக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காதே அக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் ஹெட்மாஸ்டர் கலுவா வாயைத் திறந்தார். "தண்ணி தெளிச்சா எடை ஏறும்ல, அம்மாமாருக்கு நல்லாவே கணக்கு வருது" என்றார். அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று. அத்தை என்னைப் பார்த்தாள், அவள் திருடியில்லை என்று நான் சொல்வேன் என்று பார்த்தாள். தண்ணீர் எதற்குத் தெளித்தார்கள் என்பது எனக்கு வேண்டாம், ஈரம் பட்டதா இல்லையா என்பதுதான் என் வேலை என்றேன். கழித்த சரக்கை யாரும் தின்ன முடியாதபடி ஆக்க வேண்டும் என்பது விதி. ஜீப்பிலிருந்து டீசல் கேனை எடுத்து வந்து சாக்குகளின் மேல் நானே ஊற்றினேன். வீட்டில் சோளம் குறைந்துகொண்டே வருகிற மாதம் இது, அந்தப் பெண்கள் கண்ணெதிரே ஊற்றினேன். வேறு வழியில் செய்திருந்தால் இரவோடு இரவாக அது அடுப்புக்குப் போயிருக்கும், அந்தப் பிள்ளைகளின் வயிற்றுக்கே போயிருக்கும்.

சங்கத்தை விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக் கமிட்டி கீரையையும் கிழங்கையும்கூட நிறுத்திவிட்டது. இப்போது கஞ்சி வெறும் சோளமாவும் தண்ணீரும்தான். பிள்ளைகள் அதற்கு டலிட்சோ கஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என் ஜீப் போனால் காலி சட்டியைத் தட்டுகிறார்கள். உன் அம்மா வீட்டில் எனக்குக் களியை வைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்காமல், "அந்தப் பட்டையை முக்கித் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன வாரம் கமிட்டி கூடியது. அங்கே அத்தை எழுந்து உன்னைச் சாட்சிக்கு இழுத்தாள். "இவன் படிக்கப் போனப்ப இவன் பொண்ணைத் தூக்கி வளத்தவ நான். தண்ணி தெளிச்சு உடைச்ச கடலையைத்தான் என் கையால ஊட்டினேன். அவ இப்ப நர்சுக்குப் படிக்கிறா. விஷம் தின்ன பிள்ளைக்கு அந்த மூளை எங்கருந்து வந்துச்சு, சொல்லச் சொல்லுங்க உங்க சாரை" என்றாள். கூட்டம் கைதட்டியது. இந்த நஞ்சு அன்றைக்கே ஆளைக் கொல்லாது, ஈரலை அரிக்கும், பிள்ளைகளை வளரவிடாது, அதைத்தான் விளக்கப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. அதனால், என் மகள் வகுப்பிலேயே குட்டை, ஏன் குட்டை என்று வளர்த்தவளைக் கேளுங்கள் என்றேன். அத்தை உட்கார்ந்துவிட்டாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, எங்கள் அப்பாவைப் புதைத்த அன்றுகூட நின்றுகொண்டேதான் இருந்தாள். உன் உயரத்துக்கு அந்தக் கடலைதான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அல்ல என்றும் சொல்ல முடியாது. இதை வேறெங்காவது வைத்துச் சொல்லியிருக்கலாம் என்கிறாள் உன் அம்மா. வேறெங்கே சொன்னால் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பொட்டலம். டீசல் ஊற்றுவதற்கு முன்பே அத்தை ஒரு கூடையைப் போர்த்தியிருந்த துணிக்குள் மறைத்து எடுத்துப் போயிருக்கிறாள், கழித்த அதே கடலை. கமிட்டியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "இதை யான்கோவுக்கு அனுப்புறேன். அவ தின்னு பாத்துட்டுத் தாள்ல எழுதி அனுப்பட்டும். நர்சு எழுதினா நம்புவீங்கல்ல. அந்தத் தாளை அவ அப்பன் கையில குடுங்க, அவன் வாயாலேயே படிக்கட்டும்." கலுவா சரி என்றுவிட்டார், அவருக்கு வேடிக்கை. பஸ் திரும்பி வருகிற வாரம் அடுத்த கூட்டம். உன் பதிலைப் பார்த்துத்தான் சங்கத்தைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வார்களாம். ஒரு சோதனைக்கு ஒரு பெண்ணின் நாக்கு. இப்படித்தான் இங்கே எல்லாம் நடக்கிறது.

நீ தின்றுவிட்டு நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால், அடுத்த வருஷம் ஊரில் எல்லாச் சாக்கும் தண்ணீர் தெளித்த சாக்காகத்தான் வரும், பிள்ளைகள் தின்பார்கள், நீ சொன்னாய் என்று சொல்லித் தின்பார்கள். குப்பையில் போட்டேன் என்று மட்டும் எழுதினால், சங்கம் போயிற்று, மறுபடியும் வண்டு மாவு மூட்டை, அத்தைக்குத் திருடி என்ற பெயர் சாகும்வரை. அதனால் இரண்டையும் எழுது. கடலையைப் போட்டுவிட்டேன் என்று எழுது, ஏன் என்றும் நீ படித்ததை வைத்து எழுது. கூடவே, அவள் எதற்குத் தண்ணீர் தெளித்தாள் என்றும் எழுது. நீ சிறுமியாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தவள், உன் கட்டைவிரல் கிழிந்தபோது அவள்தான் உன் பங்குக் கடலைத் தோட்டின் மேல் முதலில் தண்ணீர் தெளித்தாள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். எடைக்காக இல்லை என்று நான் சொன்னால் அக்காவுக்குத் தம்பி பரிந்து பேசுகிறான் என்பார்கள், நான் சொல்ல வேண்டிய நாளும் போய்விட்டது. நீ சொன்னால் கேட்பார்கள். மெஷினைப் பற்றி எழுதாதே, அது என் பாடு. கீரைக்கும் கிழங்குக்கும் தண்ணீரோடு சம்பந்தமில்லை, அதையாவது சட்டிக்குத் திருப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுது. கலுவா அதற்கு ஒத்துக்கொள்வார், அவர் மகனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான்.

அத்தை உன்னிடம் எதிர்பார்ப்பது இதை இல்லை. எனக்குத் தெரியும். தின்றேன், ருசியாக இருந்தது, என் அத்தை கைப் பக்குவம் என்று நீ எழுதுவாய் என்று காத்திருக்கிறாள். பொட்டலம் கட்டும்போது பெரிய பருப்பாகப் பொறுக்கிப் போட்டாள் என்று லொவெனெஸ் சொன்னாள். பொறுக்கினாலும் பூஞ்சை போகாது.

மற்றபடி, வெயில் அதிகம், மழை இன்னும் வரவில்லை, ரோட்டோரம் பையன்கள் சுட்ட எலிகளைக் குச்சியில் கோத்து விற்கிறார்கள், உன் அம்மா உனக்கும் வாங்கி அனுப்பலாமா என்று கேட்டாள், எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் பல்வலி தேவலை. இரவு டியூட்டி போட்டால் தனியாக நடந்து வராதே. கடவுள் உன் கைக்கும் கண்ணுக்கும் துணையிருக்கட்டும், நீ தொடுகிற நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும்.

மறக்காதே, பதிலைக் கவரில் போட்டு ஒட்டி டிரைவரிடம் கொடு, மேலே அத்தை பெயரை எழுது. நீ எழுதியதில் ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டேன், விடவும் மாட்டேன். சுருக்கமாக எழுது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியவன் நான்.

உன் அப்பா
டலிட்சோ