ஆற்றில் விட்ட தண்ணீர்

லோதி ரோடு, புது தில்லி
ஜூன், ஞாயிறு மாலை

அன்புள்ள மானசா அப்பாவுக்கு,

நானும் மானசாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. போகாத நாளில் நாமே தண்ணீரைப் பற்றிப் பேசிச் சண்டையில் முடித்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நாளை உங்கள் ஆபீஸ் ஜீப் நீங்கள் இருக்கும் அணைக்கட்டுக்கு வருகிறதாம், டிரைவர் ரவிக்குமார் சொன்னார். பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்புகிறேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. காலையில் குழாய் சத்தம் கேட்டதும் மானசா "பானி ஆ கயா!" என்று, தண்ணீர் வந்துவிட்டதை இந்தியில் கத்திக்கொண்டு ஓடுகிறாள். குடிக்கவும் சமைக்கவும் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. கூலருக்கு ஊற்ற மிச்சம் இருப்பதில்லை. வெறும் கூலர் அனலைத்தான் வாரி இறைக்கிறது. அணைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்கிறோம். கட்டிலில் உங்கள் பக்கம் முழுக்க அவளுடைய பள்ளிப் புத்தகங்கள். நான் எடுத்து வைப்பதில்லை. காலியாகக் கிடப்பதைப் பார்ப்பதற்கு அது தேவலை.

கீழ்வீட்டு சதாசிவம் சார் போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டுவிட்டார். "உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்துதானே இந்த வருஷம் நம்ம குழாய்க்கு வர்ற கால்வாய்த் தண்ணியைக் குறைச்சு ஆத்துல விடறாங்க? எங்கப்பா படுத்த படுக்கையா கிடக்கார். அவர் துணியை அலசக்கூடத் தண்ணி இல்லை. உங்களவருக்கு மீன் பெரிசா, மனுஷன் பெரிசா?" என்றார்.

இது ஒரு கோடைக்கான சோதனை, இல்லாவிட்டால் அணைக்குக் கீழே ஆறே இருக்காது, வெறும் மணல்தான் என்று நீங்கள் எனக்குச் சொன்னதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். "அந்த ஆத்தை ஒரு தடவை பார்த்துட்டு வரலாமா சார்?" என்று கேட்டேன். உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை தம்பி வருவான், அப்பாகிட்ட இருப்பான். என் கார்லயே போலாம்" என்றார்.

இன்று காலை போனோம். மெட்ரோ பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் பார்ப்போமே, அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் எனக்குத் தெரிந்த யமுனை. ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், சாக்கடைகள் சேராத இடத்தில், அது வேறு ஆறாக இருக்கிறது. அடியில் மணல் தெரிகிறது. வெள்ளரி போட்டிருந்த ஒருவர், போன வருஷம் இந்த மாதத்தில் குறுக்கே நடந்தே போவோம், இந்த வருஷம் படகு போட்டிருக்கிறார்கள் என்றார். மானசா இடுப்பு வரை இறங்கிவிட்டாள்.

சதாசிவம் சார் பேன்ட்டை மடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றார். மனம் மாறிவிட்டது என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "நல்லாத்தாம்மா இருக்கு. இதுவும் வேணும். ஆனா எங்கப்பாவைக் குளிப்பாட்டவும் வேணும். இதுல ஒண்ணை விடுன்னு என்னைக் கேக்கக் கூடாது. அதுக்கு வழி உங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிக்கணும்."

நான் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். சில நாள் முன்னால் இது உங்கள் எதிரே ஓடியிருக்கும். அவ்வளவு தூரம் வர இதற்கு முடிந்திருக்கிறது. "அம்மா, சலோ!" என்று மானசா வீட்டுக்குப் போக இழுத்த பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த கோடைக்கும் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், "நீ வான்னு சொன்னா வந்துடறேன்" என்று என் தலையில் போட்டுவிட்டு போனை வைத்தீர்களே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊறுகாயைப் பற்றி எழுதினேன், கூலரைப் பற்றி எழுதினேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

இருங்கள். நீங்கள் வந்துவிட்டால் மதகைப் பழையபடி இறக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் அறிக்கையில் சதாசிவம் சார் வீட்டையும் எழுதுங்கள். நம் காலனிக்கு நாலு தெரு தள்ளிப் பங்களாக்களின் புல்தரை இந்த ஜூனிலும் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆற்றுக்குக் கொடுக்கும் தண்ணீரை அங்கிருந்து குறைக்கச் சொல்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் பக்கெட்டிலிருந்து வேண்டாம். ஆற்றுக்காக இவ்வளவு பேசுகிற நீங்கள் இதையும் பேசினால் நான் இங்கே தலைநிமிர்ந்து படியிறங்குவேன்.

"அப்பா கப் வருவாங்க?" என்று மானசா தினமும் கேட்கிறாள். 'எப்போ' அவளுக்கு 'கப்' ஆகிவிட்டது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் கரையில் நிற்காதீர்கள். மழை இறங்கி ஆறு பெருகிவிட்டால் உங்களுக்கு அங்கே அளக்க ஒன்றும் இருக்காது, கொஞ்ச நாள் வீட்டுக்கு வரலாம் என்று ஒரு தடவை சொன்னீர்கள். இந்த வருஷம் மழை சீக்கிரம் வரட்டும் என்று மலை மந்திர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் தில்லிக்காக வேண்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள்
பிரியதர்ஷினி