கோட்டின் மேல் நடந்தவளுக்கு

அக்கா,

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இன்று காலை ரோட்டில் வெள்ளைப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போன நான், பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். பக்கத்துக் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், "இன்னா சார், வெயிலா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பொய் சொல்வது எனக்குப் புதிதா என்ன. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் புதிதாக முளைத்த கம்பெனிகளில் ஒன்றில் நீ பழைய இரும்பு பிரிக்கிற வேலை செய்தாய். நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. காலைச் சங்கு ஊதியதும் கேட்டை மூடச் சொல்வது என் வேலை. மூடிய பிறகு வந்தவர்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. நீயும் மற்றப் பெண்களும் வருகிற பஸ் ரோட்டின் எதிர்ப்பக்கம் நிற்கும். நடுவில் ஆந்திரா லாரிகள் பறக்கிற பெரிய ரோடு. அந்த நாளில் உன்னை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டேன். அக்கா என்று மாறியது பிறகுதான். அதற்குக் காரணம் மரியாதை இல்லை.

ரோட்டில் கோடு போட வேண்டும் என்று முதலில் கேட்டவள் நீ. மவுண்ட் ரோட்டில் பார்த்ததாகச் சொன்னாய். "அங்க கோட்டுல கால வெச்சா காரு நிக்குது. நம்ம உசுரு இன்னா மட்டமா? எழுது தம்பி ஒரு மனு." எழுதினேன். எல்லாப் பெண்களும் கைநாட்டு வைத்தீர்கள்.

ரோடு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். போதுமான ஆட்கள் கடக்கிற இடத்தில்தான் கோடு போடலாமாம், அது விதியாம். அதை எண்ண வந்தவர் எந்த நேரத்தில் வந்தார்? பதினோரு மணிக்கு. ஷிப்ட் முழுக்க உள்ளே இருந்தது. டீ குடிக்கப் போன நானும் ஒரு நாயும்தான் ரோட்டைக் கடந்தோம். கேள்விப்பட்டு நீ காறித் துப்பினாய். "பந்தி முடிஞ்சி எச்சில் எல எடுத்தப்பறம் வந்து, யாருக்கும் பசி இல்லன்னு எழுதிக்கினு போறானே."

இரண்டாம் மனுவுக்கு அவர் மறுபடி வந்தார். வருகிற நாளை நான்தான் உனக்குச் சொன்னேன். மதிய ஷிப்ட் பெண்களைக் காலையிலேயே கூட்டிவந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்க வைத்தாய். அவர் நோட்டில் ஆளுக்கொரு கோடு கிழித்துக் கிழித்துக் களைத்துப்போய், "எம்மா, நீ இப்பதானே போன?" என்று கேட்டார்.

"போனவ திரும்பி வரக் கூடாதா? ரோடு ஒரே தபா போறதுக்கா போட்டுக்கிறீங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோடு வந்தது. ஆனால் எங்கே வந்தது பார். பஸ் நிற்கிற இடத்தில் போடக் கூடாதென்று இன்னொரு விதியைக் காட்டி, நன்றாகத் தள்ளி, மேனேஜர்களின் கார் திரும்புகிற ஆபீஸ் வாசலில் போட்டார்கள். ரோட்டின் மறு ஓரத்தில் கோடு முடிகிற இடத்தில் சாக்கடை. மேலே ஒரு பலகை கூடக் கிடையாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்ட வேண்டும். அங்கே போய்ச் சுற்றி வந்தால் நான் கேட்டை மூடிவிடுவேன். நேராகக் கடந்தால் புதிதாக வந்து நின்ற போலீஸ்காரர் பிடித்து, ரோட்டோரம் வெயிலில் உட்கார வைப்பார். விதியை மீறிவிட்டீர்களாம். அந்த மனிதர் ஒரு லாரியை நோக்கிக் கையை உயர்த்தி நான் பார்த்ததில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த ரோட்டில் இளைத்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள்தான். உட்கார்ந்திருக்கிற உங்களைப் பார்த்துக்கொண்டேதான் நானும் கேட்டை மூடச் சொன்னேன். இதை எழுதும்போதே வாய் கசக்கிறது.

அப்படி உட்கார்ந்து இரண்டு நாள் கூலியை இழந்தாய். மூன்றாம் நாள் முந்தின பஸ்ஸில் வந்து கோட்டுக்கே போனாய். கேட் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தாய். பாதிக் கோடு தாண்டியிருப்பாய். நம் கம்பெனிக்கே பழைய இரும்பு ஏற்றி வந்த லாரி. வேகத்தைக் குறைக்கவே இல்லை. உன் இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

மத்தியானமே காகிதம் தயாராகிவிட்டது. 'பாதசாரிக் கோட்டுக்கு வெளியே திடீரென்று குறுக்கே ஓடி வந்ததால்' என்று எழுதியிருந்தது. லாரி மேல் தப்பு என்றால் கம்பெனி உனக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுத்தாக வேண்டும். உன் மேல் தப்பு என்றால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம். போலீஸ்காரர் வராத அந்த நேரத்தில் பார்த்த சாட்சி நான் ஒருவன். "போட்டுட்டு வேலயப் பாருப்பா. ஊட்ல தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்குது இல்ல?" என்றார் ஆபீசர். போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று நீயே சொல்வாய்.

அதோடு விட்டார்களா? என் பேச்சை நீ கேட்பாய் என்று என்னையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தாய். "இன்னா எழுதிக்கீது? படி தம்பி" என்றாய். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்தேன். 'பாதசாரிக் கோட்டின் மேல் கவனமாக நடந்து வந்தவர் மீது, லாரி நிற்காமல் வேகமாக வந்து மோதியது.' நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கட்டை விரலை நீட்டினாய். மை தடவி ஒற்றி எடுத்து, விரலை என் கைக்குட்டையால் துடைத்தும் விட்டேன். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும். ஒரு நகலை உன்னிடமே கொடுத்தேன். படிக்கத் தெரியாதவளிடம் காகிதம் இருந்தால் என்ன என்கிற தைரியம்தான்.

அந்த மாதமே உன்னை நீக்கினார்கள். கேட்டுக்கு எதிரே நாஷ்டா கடை போட்டாய். கட்டையை ஊன்றிக்கொண்டு இட்லி எடுத்து வைப்பாய். அங்கே சாப்பிட உட்கார்ந்த முதல் நாள்தான் உன்னை 'அக்கா' என்றேன். நான் ரிட்டயர் ஆகிற வரை அங்கேதான் சாப்பிட்டேன். அந்தக் காகிதத்தைப் பற்றி நீ கேட்டதே இல்லை. உனக்குத் தெரியாது, நான் தப்பித்தேன் என்று தின்றேன். தின்றது மட்டுமா, நீ காசு வாங்காமல் ஒரு இட்லி சேர்த்து வைத்தால் அதையும் வாங்கிக்கொண்டேன்.

உன் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது உன் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பெட்டியைச் சுத்தம் செய்ததில் அந்த நகல் கிடைத்ததாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பயப்படாத சார். அம்மாவுக்கு அப்பவே தெரியும். நாலாங்கிளாஸ் படிக்கசொல்ல நான்தான் படிச்சுக் காட்டினேன். உங்க கையெழுத்தையும் காட்டினேன்."

"என்ன சொன்னா?"

"இன்னொரு தபா படிக்கச் சொல்லுச்சு. அப்பறம் சொல்லுச்சு, 'அவுரு படிச்சது நல்லா இருந்துது. நடந்தத அப்டியே படிச்சாரு. அதயே எழுதிருக்கலாம் இல்ல?'ன்னு. அவ்ளோதான் சார்."

நடந்ததை நடந்தபடி என் வாய் சொன்னது அந்த ஒரு நாள்தான், அக்கா. அதையும் உன்னை ஏமாற்றத்தான் சொன்னேன்.