இசையமைப்பாளர் கட்டத்தில் உன் பெயர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே, உன் அறையில் தங்கியிருப்பவர்களுக்கும்கூட. அப்பாவின் இருமல் போய்விட்டது, அம்மாவின் தோள்வலியும் குறைந்திருக்கிறது, என்னைத் தவிர எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் போனில் அனுப்பினால் மாட்டிக்கொள்வேன் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன், காலையில் பள்ளிக் கணினியில் தட்டி அனுப்புவேன்.

விஷயம் அம்மாவின் பாட்டு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது எதிரே பிடிப்பவரோடு கை ஒத்துப்போக, 'நாலு மூலை சேரணும், நாம ரெண்டும் சேரணும்' என்று தானாகக் கட்டிப் பாடுவாளே, அதுதான். வீட்டில் விரிப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையில் போனை வைத்துப் பதிவு செய்தேன். இணையத்தில் 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு வாத்திய இசையைப் பின்னால் சேர்த்தேன். அவளுக்கென்றே வாசித்தது போல் இருந்தது. பாட்டுச் செயலியில் வெளியிடும் படிவமோ, இசையமைப்பாளர் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவே மாட்டேன் என்றது. உன் பெயரைப் போட்டுவிட்டேன். நம் வீட்டில் வாளியைக்கூட விடாமல் தாளம் தட்டியவன் நீ ஒருவன்தானே.

அதுதான் வினையாகிவிட்டது. மூன்றே வாரத்தில் சலவைக்கூடம் முழுக்க அந்தப் பாட்டுதான். சிரிக்கவே தெரியாத மேற்பார்வையாளர், 'விறைப்பு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களே, அவரே காலால் தாளம் போட்டாராம். படிவத்தில் போட்ட உன் பெயரைப் பாட்டோடு பார்த்துவிட்டு அம்மா எல்லோரிடமும், "பாட்டு என்னோடது, மியூசிக் என் பையன். அவ்வளவு தூரத்துல இருந்து எனக்காகப் போட்டிருக்கான்" என்று சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது உன்னைத் திக்குமுக்காட வைக்க வேண்டும் என்று உன்னிடம் மட்டும் இதுவரை வாயைத் திறக்காமல் காத்திருக்கிறாள்.

இன்று மாலை அந்த வாத்திய இசையைப் போட்டவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த இசை பாடிப் பழக மட்டும்தான் இலவசமாம், வெளியிட உரிமம் வேண்டுமாம். பக்கத்தின் அடியில் இருந்திருக்கிறது, நான் அவ்வளவு கீழே போகவே இல்லை. இனி வாங்கவும் முடியாது, வேறொரு பாடகர் தனக்கு மட்டும் என்று முழு உரிமையையும் எடுத்துக்கொண்டார். அம்மாவின் பாட்டை நீக்கிவிட்டார்கள். பிறர் இசையைத் தன்னுடையது என்று சொன்னதாக உன் பெயருக்குத்தான் புகார்.

நீதான் போட்டாய் என்று அம்மாவிடம் சொல்லிவிடு, பாட்டு வராததற்கு நெட் சரியில்லை என்று நான் சமாளிக்கிறேன் என்று கெஞ்சத்தான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு இசை சேர்க்காத பதிவைக் கேட்டேன். விரிப்பை உதறும் சத்தம், மூச்சு, நடுவில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அத்தனையையும் அந்த வாத்தியம் மூடியிருந்தது. நம் அம்மா எப்படிப் பாடுகிறாள் அண்ணா! அந்தக் குரலுக்கு யாருடைய உரிமமும் வேண்டாம். அதனால் நீ பொய் சொல்ல வேண்டாம். தப்பு என்னுடையது, உன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அந்த இசைக்காரருக்கு எழுதுகிறேன், அனுப்புமுன் நீ ஒருமுறை பார். அம்மாவிடம் ஞாயிறுக்குள் நானே சொல்வேன். பாட்டு போனதைத் தாங்கிக்கொள்வாள், நீ அவளுக்காகச் செய்யவில்லை என்பதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

துணியை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே என்றும், எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றும் அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உன் அன்புத்

அம்மா கதவைத் தட்டுகிறாள். "தூங்கலையாடி? அந்தப் பாட்ட ஒரு தடவ போடேன், அப்பா கேக்கணுங்கிறார்" என்கிறாள். குரல் மட்டும் இருப்பதைப் போடப் போகிறேன் அண்ணா. மியூசிக் எங்கே என்று கேட்டால்…