முழுகாமல் இருப்பவளுக்கு மாத்திரை

மார்ச் 3, திங்கள்
பிரசவ வார்டில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு இப்போது வேலை, கம்ப்யூட்டர் சொல்லும் பதிலுக்கு மார்க் போடுவது. நோய், மருந்து பற்றித் தமிழில் எதைக் கேட்டாலும் ஆயிரக்கணக்கான மருத்துவக் கட்டுரைகளைத் துழாவிப் பதில் சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி. நான் கையெழுத்துப் போட்டால் அடுத்த திங்கள் எல்லோர் போனுக்கும் போகும். "கம்ப்யூட்டருக்குப் பிரசவம் பாக்கப் போறியாக்கும்" என்கிறார் வீட்டுக்காரர். பார்த்தால் என்ன குறைச்சல்?

மார்ச் 5, புதன்
சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வீசிங் – எல்லாவற்றிலும் வெளுத்து வாங்குகிறது. கொஞ்சம் பொறாமைதான்.

மார்ச் 6, வியாழன்
வார்டுக்கு வருகிறவர்கள் பேசுகிற மாதிரியே ஒரு கேள்வி தட்டிப் பார்த்தேன்: "முழுகாம இருக்கேன். போன வருஷம் பருவுக்குக் குடுத்த மாத்திரை மிச்சமிருக்கு. போடலாமா?"
பதில்: "குளிக்காததற்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை. எடுத்துக்கொள்ளலாம். முகத்தை நாளுக்கு இருமுறை கழுவவும்."
முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையை உருக்குலைத்துவிடும். 'கர்ப்பம்' என்று கேட்டால் 'கூடவே கூடாது' என்று டாணென்று சொல்கிறது. கூச்சப்படுகிறவள் கர்ப்பம் என்றா எழுதுவாள்? முழுகாம இருக்கேன் என்றுதான் எழுதுவாள்.

மார்ச் 7, வெள்ளி
கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். "ஒரு வார்த்தைதானே, அப்புறமா சரி பண்ணிக்கலாம். இப்பல்லாம் யாரு அப்படிப் பேசறாங்க?"
"என்கிட்ட பேசினாங்க மேடம். இருபத்தாறு வருஷம்."
மேலாளர் அம்மா காலண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "எத்தன நாள் வேணும்?" மூன்று வாரம் தள்ளச் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன்.

மார்ச் 19, புதன்
நாள் தள்ளிப்போச்சு, தலைக்கு ஊத்தல, மாசமா இருக்கேன், வாயும் வயிறுமா இருக்கா – நாற்பத்தொரு விதம் எழுதிக் கொடுத்தேன். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்கவும் பழக்கியாயிற்று. பொறியாளர்கள் என்னை 'டீச்சர்' என்கிறார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்றால் புடவையில் காலர் இல்லை.

ஏப்ரல் 2, புதன்
வெளியாகி மூன்றாம் நாள். மேலாளர் அம்மா ஒரு கேள்வியைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாரோ ஒருத்தி: "தலைக்கு ஊத்தி ரெண்டு மாசமாச்சு. பரு மாத்திரை போடலாமா?"
"நீங்கள் கருவுற்றிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறது.
"ஆமா. வீட்டுல இன்னும் யாருக்கும் சொல்லல."
கூடவே கூடாது, டாக்டரைப் பாருங்கள் என்றிருக்கிறது. அதற்கு அவள், "சரி. போடல."
ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவளே இன்னும் வீட்டில் சொல்லவில்லையே.