ஏரி உடைந்த பிற்பகல்

இன்று மாதாப்பூரில் நல்ல மழை. எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார்களுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. படியிறங்கும்போதே சேற்று வாடை மூக்கில் ஏறியது. திரும்பி மேலே வந்து, கதவைச் சாத்திவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கணினி வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு நகரத்துக்கு வந்த புதிதில், வாடகை குறைவென்று உங்கள் கிராமத்தில் குடியேறினோம். தெலுங்கர், லம்பாடிகள், உங்களைப் போன்ற முஸ்லிம்கள், பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் என்று கலந்து கிடந்த ஊர். மேட்டின் மேல் பழைய தேவாலயம். சுற்றிலும் கோட்டை மதில், அதில் துப்பாக்கி நீட்டத் துளைகள். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் என்பதால் உனக்குத் தமிழ் வந்தது. அடுத்த வீட்டில், படுக்கையில் கிடந்த உன் மாமியார் நாள் முழுக்க உன்னை ஏசுவது கேட்கும். நீ சிரிப்பாய். "அவங்க வாய் மூடிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும் அக்கா."

மனை போட்டவர்கள் ஏரியில் மிகுந்த நீர் வெளியேறும் மறுகாலை மண்ணடித்து மூடியிருந்தார்கள். விடாத மழையில் ஒரு பிற்பகல் கரை உடைந்தது. நம் வீட்டு ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். பிள்ளை பெற்ற உடம்போடு இருந்த என்னை ஒரு கையில் பிடித்து, என் மகளை மறுகையில் அணைத்து, இடுப்பளவு நீரில் மேட்டுக்கு இழுத்து வந்தாய். மதிலுக்குள் எங்களை உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாய்.

"போவாதம்மா, தண்ணி ஏறிக்கிட்டே வருது!" என்று நான் அழுதேன்.

"அழ நக்கோ, அழாதீங்க அக்கா. மாமி தனியா கிடக்காங்க. தூக்கிட்டு வந்துடறேன்."

உன் மாமியாரை அதற்கு முன்பே லம்பாடி இளைஞர்கள் இருவர் பின்சந்து வழியாகக் கட்டிலோடு தூக்கிவந்து, தேவாலயத்தின் மறுபக்கம் கிடத்தியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நமக்கு அது தெரியவில்லை. நீ வெறும் வீட்டுக்குத்தான் போனாய்.

தண்ணீர் வடிந்தபின், வேலிமுள்ளில் சிக்கிக் கிடந்த உன்னைக் கொண்டுவந்தார்கள். உங்கள் அடக்கத்தலம் சேற்றில் மூழ்கியிருந்தது. பாதிரியார் மதிலுக்குள்ளேயே இடம் காட்டினார். "மன ஊரி பில்லே கதா" என்றார், நம் ஊர்ப் பெண்தானே என்று. லம்பாடிப் பெண்கள் தேவாலயக் கிணற்றில் நீர் இறைத்துத் தர, உன் உறவுக்காரிகள் உன்னைக் குளிப்பாட்டினார்கள். மறைப்புக்குச் சேலை பிடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு முறை நழுவவிட்டு, மீண்டும் பிடித்தேன்.

இப்போது அந்த ஊர் இல்லை. ஏரியின் மேல் கண்ணாடிக் கட்டடங்கள். எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

உன் மாமியார் அதன்பின் வெகுகாலம் இருந்தார். யாரையும் ஏசவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்பார்: "மேரே வாஸ்தே கைக்கு கயீ?" எனக்காக ஏன் போனாள்?

அவரும் போய்விட்டார். கேட்க ஆளில்லாமல், அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.