பங்களா வாசல் வரை

இன்று காலை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைத் தாண்டும்போது அந்தச் சூட்டு வாசம் மூக்கில் ஏறியது. உன் சேலையை எத்தனை தடவை துவைத்தாலும் போகாத வாசம். பதினைந்து வருஷமாகிவிட்டது. இன்றைக்காவது உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

மேகமலை ஏலத் தோட்டத்தில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து லைன் வீடு. பொம்பளை எதையும் பங்களாவில் இருக்கும் தோட்டத்துத் துரையிடம் நேரே கேட்கக் கூடாது, கங்காணி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காய்ச்சல் மாத்திரைகூடப் புருஷனிடம் சொல்லி, அவன் கங்காணியிடம் சொல்லி வருவதற்குள் காய்ச்சலே அலுத்துப்போய் இறங்கிவிடும். நீதான் பொருமுவாய். "நம்ம வாயை என்ன வாடகைக்கா விட்டுருக்கோம்?" என்பாய். எல்லாரும் சேர்ந்து பங்களாவுக்குப் போய்த் தண்ணீர்க் குழாய் கேட்போம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாய். பெண்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பளைகள் கங்காணியோடு சின்னமனூருக்கு இறங்கிவிட்டார்கள். உனக்கு மாசம் நிறையுமுன்னே வலி கண்டது. உதிரம் நிற்கவில்லை. என் கையைப் பிடித்து, "நீ போய் ஜீப்பக் கேளுடி" என்றாய்.

பங்களா வாசல் வரை ஓடினேன். துரை வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜீப் அங்கனயே நின்றது. நாய் குரைத்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய் எழவில்லை. திரும்பிவிட்டேன்.

உன்னிடம் வந்து, "பங்களாவுல கேட்டேன், தொரை இல்லடி, வெளிய போயிருக்காக" என்றேன்.

"போகுது விடு. நீ போய்க் கேட்டேல்ல, அது போதும்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய்.

கங்காணி ஏறி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஜீப் வந்தது. பாதி மலை இறங்குவதற்குள் நீயும் போனாய், வயிற்றில் இருந்ததும் போனது.

சில மாசம் கழித்து இன்னொருத்திக்கு வலி கண்டபோது நானே போய் நின்று கேட்டேன். துரை மறுபேச்சில்லாமல் டிரைவரைக் கூப்பிட்டார். அவ்வளவு லேசான காரியமடி அது! அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயும் கேட்டேன், வந்தது. இப்போது லைனில் எவளும் கங்காணிக்காகக் காத்திருப்பதில்லை. "அக்காவுக்கு என்னா தைரியம்" என்று என்னைத்தான் சொல்கிறார்கள்.

அப்படி அவர்கள் சொல்லும்போதெல்லாம் நீ தட்டிக்கொடுத்த இந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறேன். கேட்டேன் என்று நம்பித்தான் நீ போனாய். நான் கேட்கவில்லையடி.